‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பாமல் இருக்க: வீட்டு வேலை மோசடியும் சுரண்டிய நம்பர்களும்

போன மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்ய ஒருவரை அமர்த்தினேன். மொத்தம் 92,000 ரூபாய் பேச்சு, 60,000 அட்வான்ஸ். இரண்டு நாள் பழைய தட்டோட்டைப் பெயர்த்தார்கள். மூன்றாம் நாள் நான்கு டிரம் கெமிக்கல் வந்து இறங்கியது. நான்காம் நாளிலிருந்து ஆளையும் காணோம், போனும் போகவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் என் இரண்டு பக்க மனுவை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: “இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க.”

கோபம் வந்தது. ஆனால் நான் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருடம் மனு டைப் அடித்தவன். படியிறங்கும்போதே, அவர் சொன்னது தப்பில்லை என்று உறைத்தது. நான் எழுதிக்கொண்டு போன லட்சணம் அப்படி. ஊருக்கெல்லாம் மனு அடித்தவன் சொந்த மனுவில் கோட்டை விட்டிருந்தேன். என்ன விட்டேன், பிறகு எப்படிச் சரிசெய்தேன் என்பதை முதல்முறை வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

முதலில், எது குற்றம், எது வெறும் தகராறு

வீட்டு மராமத்து மோசடி என்று தனிக் குற்றம் நம் நாட்டில் கிடையாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வீடு பழுதுபார்ப்பதில் நடக்கும் மோசடிக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே பொதுவான மோசடிப் பிரிவுகளுக்குள்தான் நம் மாடியையும் சமையலறையையும் அடக்கியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன. குற்றம் அந்தத் தேதிக்கு முன் நடந்தது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம். ஊரறிந்த 420 இப்போது 318(4) ஆகிவிட்டது. ஆளைத் திட்டுவதற்கு மட்டும் இன்னும் 420தான். தண்டனை 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

இந்தப் பிரிவில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். ஏமாற்றும் எண்ணம் எப்போது வந்தது? பணத்தை வாங்கும்போதே இருந்திருந்தால் மோசடி. நல்ல எண்ணத்தோடு வாங்கி, அப்புறம் வேறு சைட்டில் நஷ்டப்பட்டு, நம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்றால் அது ஒப்பந்த மீறல். ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. ரைட்டர் சொன்ன ‘சிவில் மேட்டர்’ வருவதும் இங்கிருந்துதான்.

இன்னொரு பிரிவு 316, நம்பிக்கை மோசடி. போர் மோட்டாரைக் காயில் கட்ட எடுத்துக்கொண்டு போனவர் அதை விற்றுவிட்டு வேறு பழைய மோட்டாரை மாட்டிவிடுகிறார். நீங்கள் வாங்கி இறக்கிய டைல்ஸ் பெட்டிகளில் பத்தை மேஸ்திரி வேறு சைட்டுக்கு ஏற்றிவிடுகிறார். உங்கள் பொருளை நம்பி ஒப்படைத்தீர்கள், அவர் அதைத் தனதாக்கிக்கொண்டார். இதற்கு 316(2)இன் கீழ் 5 ஆண்டு வரை சிறை. ஒரே சம்பவத்துக்கு மோசடி, நம்பிக்கை மோசடி இரண்டையும் சேர்த்துப் போடும் பழக்கத்தை 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆரம்பத்திலேயே ஏமாற்று என்றால் முதலாவது; ஒழுங்காக ஒப்படைத்த பிறகு கையாடல் என்றால் இரண்டாவது. இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டுமே பலவீனமாகிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன்

ஆளின் அடையாளத்தை எழுதி வையுங்கள். ஆதார் நகல் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் விசிட்டிங் கார்டில் உள்ள ஜிஎஸ்டி எண்ணையாவது பாருங்கள். 15 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், என்ன தொழில் என்று வந்துவிடும். நான் இதைச் செய்தது அட்வான்ஸ் போய் மூன்று வாரம் கழித்து. கார்டில் இருந்த எண் வேறு ஊரில் ஒரு மளிகைக் கடையுடையது!

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். அளவு, சதுர அடிக் கணக்கு, பொருளின் பிராண்டும் ரகமும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எப்போது முடியும். ‘நல்ல ப்ளைவுட்’ என்று எழுதாதீர்கள். ‘ஐஎஸ் 710 முத்திரை உள்ள ப்ளைவுட்’ என்று எழுதுங்கள் (ஐஎஸ் என்பது இந்தியத் தர எண்). முத்திரைத்தாள் இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிவில் கோர்ட்டில் முத்திரைத்தாள் இல்லாத பத்திரம் சிக்கல்தான், ஆனால் முத்திரைச் சட்டத்தின் அந்தத் தடை கிரிமினல் கோர்ட்டுக்குப் பொருந்தாது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அங்கே காட்டலாம்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். யுபிஐயில் அனுப்பும்போது திரையில் வரும் பெயரையும், ஆள் சொன்ன பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். “மச்சான் நம்பர் சார், அதுலயே போடுங்க” என்றால், “சரி, மச்சான் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அப்போதே பின்வாங்கிவிடுவார்கள்.

பொருள் வந்து இறங்கும்போது

இதைத்தான் யாரும் செய்வதில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒவ்வொரு பொருளின் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒயர் காயிலைப் பிரித்துப் பாருங்கள். நல்ல ஒயரின் மேலுறையில் கம்பெனிப் பெயர், ஐஎஸ் 694, ஐஎஸ்ஐ முத்திரை, சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் எல்லாம் நீளவாக்கில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பிராண்டு, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். எண்ணே இல்லாத ஐஎஸ்ஐ முத்திரை வெறும் படம். உரிமம் இல்லாமல் அந்த முத்திரையைப் போட்டு விற்பது 2016ஆம் ஆண்டுத் தர நிர்ணயச் சட்டத்தின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எல்இடி பல்பு, அடாப்டர் போன்றவற்றில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதையும் அதே செயலியில் பார்க்கலாம். முறுக்குக் கம்பியில் பிராண்டுப் பெயர் கம்பியின் மேலேயே புடைத்துக்கொண்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும்.

ஏசி வாங்கினால் உள் யூனிட், வெளி யூனிட் இரண்டுக்கும் சீரியல் எண் உண்டு. இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, மோட்டார், ஆர்ஓ மெஷினுக்கும் அப்படியே. மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்கும்போது பெயர்த் தகட்டைப் போட்டோ எடுத்து, அந்தச் சீரியல் எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் அதோடு ஒத்துப் பார்த்த பிறகு மீதிப் பணம்.

என் டிரம் கதை இங்கேதான் வருகிறது. மாடியில் கிடந்த நான்கு டிரம்மும் பெயர்பெற்ற கம்பெனி லேபிளோடு பளபளப்பாக இருந்தன. ஒரு சாயங்காலம் எரிச்சலில் ஒன்றைக் காலால் புரட்டினேன். அடியில் பேட்ச் எண் இருந்த இடம் தின்னர் வைத்துத் துடைத்த மாதிரி மங்கி, அதன்மேல் வேறு எண்ணோடு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். மற்ற மூன்றையும் புரட்டினேன். நான்கிலும் ஒரே எண், நான்கிலும் அதே கோணல். போட்டோவைக் கம்பெனிக்கு ஈமெயிலில் அனுப்பினேன். ஐந்து நாளில் பதில் வந்தது: இது எங்கள் பேட்ச் எண் அமைப்பே இல்லை. பழைய டிரம்மில் எதையோ ஊற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வேலையைப் பாதியில் விட்டவர் என்பது போய், முதல் நாளிலிருந்தே போலிப் பொருளோடு வந்தவர் என்று ஆனது. ரைட்டர் கேட்காமல் கேட்ட கேள்விக்குப் பதில் டிரம்மின் அடியில் இருந்தது.

நம்பரைச் சுரண்டினால் என்ன குற்றம்?

எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற ஒரே சட்டம் இல்லை. பொருளைப் பொறுத்து மாறும்.

போன் என்றால் சட்டம் கடுமை. ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐயை மாற்றினால் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றிய எண் என்று தெரிந்தே அந்தப் போனை வைத்திருப்பதும் குற்றம். பழைய போன் வாங்குமுன் *#06# அடித்து வருகிற எண்ணையும், பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். பிறகு ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் நிலவரம் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். உங்கள் போன் திருடுபோனால் முதலில் போலீஸ் புகார், அடுத்து அதே நம்பரில் டூப்ளிகேட் சிம், அப்புறம் அந்தத் தளத்தில் ஐஎம்இஐயைக் கொடுத்து முடக்கச் சொல்லலாம். அதனால் போன் பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

பழைய வண்டி என்றால் ஆர்சி புத்தகத்தின் சேஸிஸ் எண்ணைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். தேய்த்தெடுத்த எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஓரிரு இலக்கம் மட்டும் பெரிதாகவோ, சுற்றிலும் அரம் போட்ட கீறலாகவோ தெரிந்தால் வண்டி வேண்டாம். அரம் போட்டு அழித்தாலும் எண் முழுசாகப் போய்விடாது. எண்ணை அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். தடய அறிவியல் கூடத்தில் ரசாயனம் தடவினால் பெரும்பாலும் பழைய எண் மேலெழும்பி வரும்.

ஏசி, பேட்டரி, மோட்டார், டிரில் மெஷின் போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 345, 346ஆம் பிரிவுகள் ‘சொத்துக் குறி’ பற்றிப் பேசுகின்றன. ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்டும் குறி அது. கம்பெனி போட்ட சீரியல் எண் அதற்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோமே, அது சந்தேகமில்லாமல் சொத்துக் குறி. நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடு அதைத் தேய்த்து அழித்தால் 346இன் கீழ் ஓர் ஆண்டு வரை சிறை. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிய நம் பாட்டிகளுக்குப் பிரிவு எண் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கிறது. மோட்டாரிலும் டிரில் மெஷினிலும் நீங்களும் இனிஷியலை வெட்டி வைக்கலாம்.

நடைமுறையில் சீரியல் எண் அழித்த பொருளுக்கு வருவது அதே சட்டத்தின் 317. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. பாதி விலை, பில் இல்லை, எண் இருந்த இடத்தில் சுரண்டல் என்று மூன்றும் சேர்ந்தால் ‘காரணம் இருந்தது’ என்று சொல்ல வேறென்ன வேண்டும்? “ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு சார், உள்ள எல்லாம் ஒரிஜினல்” என்ற வசனத்தைக் கேட்டதும் நகர்ந்துவிடுங்கள். ஏற்கெனவே தெரியாமல் வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்னொருவர் தலையில் கட்டாமல், விற்றவரின் விவரத்தோடு ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மனுவை எப்படி எழுதுவது

என் முதல் மனுவில் இருந்த வரி இது: “மேற்படி நபர் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் காலம் கடத்தி வருகிறார்.” இந்த ஒரு வரியிலேயே அவர் வேலைக்காரர் ஆகிவிட்டார், நான் அதிருப்தியடைந்த வாடிக்கையாளர் ஆகிவிட்டேன். சிவில் மேட்டர்.

இரண்டாவது மனுவில் அதை இப்படி மாற்றினேன்: “தனக்கு ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் இருப்பதாக அவர் சொன்னதையும், கொடுத்த கார்டையும் நம்பி 60,000 ரூபாய் வங்கி மூலம் கொடுத்தேன். அந்த எண் வேறொருவருடைய மளிகைக் கடைக்கு உரியது. அவர் இறக்கிய நான்கு டிரம்களிலும் பேட்ச் எண் அழிக்கப்பட்டு ஒரே போலி எண் ஒட்டப்பட்டுள்ளது. இவற்றை முன்பே அறிந்திருந்தால் பணம் கொடுத்திருக்க மாட்டேன்.”

எது பொய், அந்தப் பொய்யை எப்போது சொன்னார், அதை நம்பி என்ன கொடுத்தேன் என்ற மூன்றும் வந்துவிட்டன. திட்டு ஒரு வார்த்தைகூட இல்லை. இதே ஆள் வேறு யாரிடமும் இப்படி வாங்கியிருந்தால் அவர்களையும் தேடிப் பிடித்துத் தனித்தனியாக மனு கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் நான்கு வீட்டில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஒரு வீட்டிலும் வேலையை முடிக்காதவரின் எண்ணத்தைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது. ஆனால் இல்லாததைச் சேர்த்து எழுதாதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பதும் குற்றம்தான்.

ஒப்பந்தம், பணம் போன யுபிஐ விவரம், போட்டோ, கம்பெனியின் பதில் எல்லாவற்றுக்கும் நகல் இணையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள், எதையும் அழிக்காதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரம் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் தயார் செய்துவிடுவார். ஆளின் முகத்தையே பார்க்காமல் இணையத்தில் பிடித்து ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் முதல் வேலையாக சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

மனு கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். சிஎஸ்ஆர் எஃப்ஐஆர் ஆகாது; உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்ஐஆர் போட்டால் ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். சில வகைக் குற்றங்களில், அதாவது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ளவற்றில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம். பண விவகாரங்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பிலும் இருக்கிறது. அதனால் அன்றைக்கே எஃப்ஐஆர் போடவில்லை என்று சண்டைக்கு நிற்க வேண்டாம்.

எஃப்ஐஆர் போடவே மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு, மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். முந்தைய இரண்டு படியும் ஏறியதற்கு ஆதாரமும், ஓர் உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

செய்யக்கூடாத ஒன்று. கான்ட்ராக்டர் கிடைக்கவில்லை என்று சித்தாளையோ கொத்தனாரையோ பிடித்து உட்கார வைக்காதீர்கள், சாமான்களைப் பிடுங்கி வைக்காதீர்கள். சட்டவிரோதமாக ஆளை அடைத்து வைத்ததற்கு உங்கள் மேல் கேஸ் வரும். அவர்களுக்கும் அந்த ஆள் கூலி பாக்கி வைத்திருப்பான். என் மாடியைப் பெயர்த்த இரண்டு பேருக்கும் கூலி வரவில்லை. பிற்பாடு எனக்குச் சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான்.

பணம் திரும்ப வர

கிரிமினல் கேஸ் தண்டனைக்கானது. பணத்துக்கு நுகர்வோர் ஆணையம் தனி வழி, இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்குமுன் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். கம்பெனியாக இருந்தால் பலன் இருக்கும், தனி ஆளாக இருந்தால் சொல்வதற்கில்லை. சமாதானமாக அவர் கொடுத்த செக் திரும்பிவிட்டால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்தத் தேதிகளில் ஏமாறுகிறவர்கள் ஏராளம், காலண்டரில் குறித்து வையுங்கள்.

என் விவகாரத்தில் 318(4)இல் எஃப்ஐஆர் ஆனது. இந்தப் பிரிவில் கோர்ட் அனுமதியோடு சமாதானமாகப் போக இடம் உண்டு. அவருடைய வக்கீல் கூப்பிட்டுப் பேசினார்; 45,000 ரூபாய் இதுவரை வந்திருக்கிறது, மீதிக்கு வாய்தா. நான்கு டிரம்மும் இப்போது ஸ்டேஷன் வளாகத்தில், ஸ்டிக்கரோடு வெயிலில் நிற்கின்றன.